நல்லூரான் வீதி

யாழ்ப்பாணத்தில் ஒரேயொரு கோயிலைப் பார்க்கத்தான் நேரமிருக்கிறது, எங்கே போகட்டும் என்று யார் கேட்டாலும் எனக்கு யோசனையே வருவதில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்குப் போங்கள். விடியற்காலையில் போங்கள். முடிந்தால் திருவிழாக் காலத்தில் போங்கள். ஆண்களென்றால் வாசலிலேயே சேர்ட்டைக் கழற்றிவிட்டு, வேட்டியோடு, வெறும் மேலோடு உள்ளே போங்கள். ஒரு ரூபாய்க்கு அர்ச்சனைச் சீட்டு எடுங்கள். ஆம், ஒரே ஒரு ரூபாய். ஒரு ரூபாய்க்கு ஒரு ரொபி வாங்க முடியாத இந்தக் காலத்திலும் நல்லூரானுக்கு அர்ச்சனை ஒரு ரூபாய்தான்.

தஞ்சாவூரையும் சிதம்பரத்தையும் சுற்றிவிட்டு வருகிற நண்பர்கள் இங்கே முதலில் தேடுவது பழைய கல்லை. கல்வெட்டு எங்கே, சோழர் காலத்துத் தூண் எங்கே என்று கண்கள் அலையும். அப்படி ஒன்றும் இங்கே இல்லை. இப்போது நாம் கும்பிடுகிற கோயில் 1734இல் தொடங்கியது. கருவறை கருங்கல்லானது 1902இல். தெற்கு வாசலின் ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு 2011இல்தான் கும்பாபிஷேகம் நடந்தது. ஆனாலும் அடித்துச் சொல்கிறேன், ஆரியச்சக்கரவர்த்திகள் காலத்து யாழ்ப்பாணத்தை உயிரும் சத்தமுமாகப் பார்க்க இந்தக் குடாநாட்டில் இதற்கு மிஞ்சிய இடமில்லை. எப்படியென்று சொல்வதற்கு உங்களைக் கோயிலுக்குள் கூட்டிப் போவதற்கு முன் ஊருக்குள் கொஞ்சம் நடத்த வேண்டும்.

நல்லூர் அந்த ஆரியச்சக்கரவர்த்திகளின் தலைநகரம். நந்தி படுத்திருக்க, அதன்கீழ் 'சேது' என்று தமிழில் பொறித்த காசுகளை அடித்து வழங்கிய அரசர்களின் ஊர். அந்த நகரைக் கட்டியவர்கள் நான்கு திசைக்கும் நான்கு தெய்வங்களைக் காவலுக்கு வைத்தார்கள் என்று யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர். ஏட்டில் படித்தபோது எனக்கு அது வெறும் பட்டியலாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் நாலு கோயிலையும் நடந்தே சுற்றி வந்தபோதுதான் உடம்பு சிலிர்த்தது. நாலும் இன்றைக்கும் இருக்கின்றன. நாலிலும் விளக்கெரிகிறது. ஒரு பெரிய மாநகரத்தின் மதிலும் மாளிகையும் மண்ணோடு போய்விட்டன, ஆனால் அதன் நாலு மூலைகளையும் நீங்கள் இன்னமும் காலால் அளக்கலாம்! வீட்டுக்கு வீடு வேலியும் ஒழுங்கையுமாக இருக்கும் இந்த ஊரின் அடியில் ஒரு மன்னன் போட்ட கோடு கிடக்கிறது.

முத்திரைச் சந்திக்குப் போனால் இன்னும் கிட்ட வரும். அங்கே குதிரைமேல் வாளோடு யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் சிலை. பக்கத்தில் சங்கிலியன் தோப்பு, அதன் வாசலில் தனியே நிற்கும் தோரண வளைவு, றோட்டுக்கு மறுபக்கம் பழைய மந்திரிமனை. கொஞ்சம் உள்ளே போனால் யமுனா ஏரி, தமிழ்ப் 'ப' எழுத்தின் வடிவில் வெட்டிய குளம். சிங்கைப் பரராசசேகரன் வடக்கேயிருந்து யமுனை நீரைக் காவடிகளில் கொணர்வித்து இதில் சேர்த்தான் என்பது இங்கத்தைய கதை. ஆறே இல்லாத, மழையையும் கிணற்றையும் நம்பி வாழ்கிற ஒரு நிலத்தில் ஓர் அரசன் யமுனைக்கு ஆசைப்பட்டான் என்பது எனக்கு எப்போது நினைத்தாலும் இனிக்கிறது. அந்தக் குளத்தருகே ஒரு கிறிஸ்தவ தேவாலயம் இருக்கிறது. முதல் நல்லூர்க் கோயில் நின்றது அந்த வளவில்தான் என்று சொல்வார்கள். அங்கே போய் ஒரு நிமிடம் நில்லுங்கள். எதுவும் தெரியாது, எதுவும் எழுதியிருக்காது. இருந்தாலும் நில்லுங்கள்.

அந்த முதற் கோயிலை யார் கட்டியது என்பதில் எங்கள் அறிஞர்கள் நூறாண்டுக்கு மேலாகச் சண்டை பிடிக்கிறார்கள். புவனேகவாகு என்ற பெயரில் மட்டும் எல்லாரும் ஒன்றுபடுகிறார்கள். பழைய பாடல் ஒன்று சக ஆண்டு 870 என்கிறது, அதாவது கி.பி. 948. அது கணக்குப் பிழை, 13ஆம் நூற்றாண்டில் முதல் ஆரியச்சக்கரவர்த்தியின் மந்திரியாக இருந்த புவனேகவாகுதான் கட்டினான் என்பது ஒரு சாரார் வாதம். இல்லை, 15ஆம் நூற்றாண்டில் கோட்டை இராச்சியத்து அரசன் ஆறாம் பராக்கிரமபாகு அனுப்பிய படையோடு வந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த சபுமல் குமாரயன், தமிழர் செண்பகப்பெருமாள் என்று அழைத்தவன், அவன்தான் கட்டினான் என்பது மற்றச் சாரார் வாதம். பிறகு கோட்டைக்குத் திரும்பி முடிசூடியபோது அவனுக்கும் புவனேகபாகு என்றுதான் பெயர். என் மனம் நிற்பது நடுவில். இராச்சியத்தோடு பிறந்த கோயிலைப் போர் சிதைத்திருக்கும், சிதைத்தவனே திருப்பிக் கட்டியிருப்பான். ஓர் ஊரைப் பிடித்தவன் அந்த ஊரின் தெய்வத்துக்குக் கைகூப்பாமல் அங்கே பதினேழு வருடம் இருந்து ஆண்டிருக்க முடியாது. தென்கோடித் தெவுந்தரையிலிருந்து யாழ்ப்பாணத்துச் சபுமலுக்கு ஒரு குயிலைத் தூது விடுவதாக 'கோகில சந்தேசய' என்று ஒரு சிங்களக் காவியமே இருக்கிறது. இலங்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, வழியெல்லாம் வர்ணித்துக்கொண்டு, ஒரு குயில் பறந்து வந்த ஊர் இது.

அடுத்த பகுதியைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் கை நடுங்கும். 1619இல் போர்த்துக்கேயர் கடைசி அரசனான சங்கிலி குமாரனைப் பிடித்துக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1621 பெப்ரவரியில் தளபதி பிலிப் தெ ஒலிவேரா நல்லூரில் வந்து தங்கினான். கோயிலை இடிக்க வேண்டாம் என்று ஊர்ச் சனங்கள் திரும்பத் திரும்பப் போய் மன்றாடினார்கள், வீடு கட்டித் தருகிறோம் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார்கள். இதை எழுதி வைத்திருப்பவர் எங்கள் ஆளல்ல, குவெய்றோஸ் என்ற போர்த்துக்கேயப் பாதிரியார். ஒலிவேரா அடியோடு தகர்த்தான். கற்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போயின என்பது வழிவழி வந்த பேச்சு. மாவிட்டபுரம், கீரிமலை என்று குடாநாட்டின் மற்றப் பெருங்கோயில்களுக்கும் அந்தக் காலத்தில் இதே கதிதான். பின்னாளில் யாழ்ப்பாணக் கோட்டையில் சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுத் துண்டு கிடைத்தது. கோட்டை மதிலோரம் நடக்கிறபோதெல்லாம் அந்த முருகைக் கற்களுக்கு நடுவில் எந்தக் கல் எந்தச் சந்நிதியைப் பார்த்திருக்கும் என்று நான் தேடாமல் இருந்ததேயில்லை. கருங்கல் விளையாத சுண்ணாம்புக்கல் மண் இது. ஒவ்வொரு கருங்கல்லும் கடலாலோ காட்டாலோ வந்து சேர்ந்ததாகத்தான் இருக்கும். அதை இழப்பதென்றால் என்னவென்று இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத் தெரியும்.

அதன்பின் நூறாண்டுக்கு மேல் நல்லூரானுக்குச் சொல்லிக்கொள்ளும்படி ஒரு கோயில் இல்லை. ஒல்லாந்தர் 1658இல் வந்தார்கள். காலப்போக்கில் அவர்களுடைய பிடி தளர்ந்தது. அந்தத் தளர்வில், ஒல்லாந்தர் கச்சேரியில் சிறாப்பராக இருந்த இரகுநாத மாப்பாண முதலியார் கிருஷ்ணையர் என்ற அந்தணரைத் துணையாகக் கொண்டு 1734இல் குருக்கள் வளவில் ஒரு சின்னக் கோயிலைக் கட்டினார். கல்லும் செங்கல்லும், மேலே கிடுகுக் கூரை. கோபுரமில்லை, தேரில்லை, சுற்றுவீதி இல்லை, மணிக்கோபுரமும் இல்லை. கருவறையில் ஒரு வேல்.

அந்த வேல்தான் இன்றைக்கும் மூலவர். ஆறு முகமும் பன்னிரு கையுமாகச் செதுக்கிய திருவுருவம் அங்கே இல்லை. நேரே நிமிர்ந்து நிற்கும் ஒரு வேல், அவ்வளவுதான். நல்லூரிலேயே 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர் இதை ஆகமப்படி சரியில்லை என்று எதிர்த்தார். கருங்கல் திருப்பணி வேண்டும், ஆட்டுக்கடா வெட்டு நிற்க வேண்டும், சதிர் நிற்க வேண்டும் என்று வாதாடினார். நாவலர் பெருமானில் எனக்குள்ள பக்தி சொல்லி முடியாது. வெட்டு நின்றதும் கருங்கல் வந்ததும் அவர் மூட்டிய நெருப்பின் பலன்களே என்று நினைப்பவன் நான். அவர் 1879இல் மறைந்தபோது அந்தக் கற்கள் வந்திருக்கவில்லை. ஆனால் வேல் வேலாகவே இருந்துவிட்டதே, அதற்காக நான் எந்த நாளும் நன்றி சொல்லிக்கொண்டேயிருப்பேன். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் வேல்தான். அங்கே பூசை செய்பவர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் பூசை செய்வார். கதிர்காமத்தில் திரைக்குப் பின்னால் கும்பிடுகிறோம். இந்தத் தீவில் முருகனுக்கு உருவம் அவ்வளவு முக்கியமாக இருந்ததில்லை. சிலையை உடைக்க வந்தவர்கள் எத்தனையோ பேர், வேலை மறைத்து வைத்துக் காப்பாற்றுவது எளிது என்று எனக்கொரு எண்ணம். சரித்திர ஆசிரியர்கள் ஒத்துக்கொள்கிறார்களோ இல்லையோ, சந்நிதியில் நிற்கும்போது அந்த எண்ணம் என்னை விடுவதில்லை.

இனி உள்ளே போவோம். கிழக்குப் பார்த்த வாசல், ஐந்து நிலைக் கோபுரம். தமிழ்நாட்டுக் கோபுரங்களின் பலநிறப் பூச்சுக்குப் பழகிய கண் இங்கே ஒரு கணம் திகைக்கும். அடி முதல் கலசம் வரை ஒரே பொன்மஞ்சள். காலை வெயில் முகத்தில் படும்போது ஒவ்வொரு பொம்மையின் நிழலும் தனித்தனியே எழுந்து நிற்கும், நிறமே தேவையில்லை. தெற்கே ஒன்பது நிலை, வடக்கே 2015இல் எழுந்த இன்னொரு ஒன்பது நிலை. சுற்றிலும் கோட்டை மதில்போலச் சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை தீட்டிய சுவர், அதன்மேல் மணிக்கோபுரங்கள். முதல் மணிக்கோபுரம் எழுந்தது 1899இல். அதற்கு முன் 1890இல் பொறுப்பேற்ற ஆறுமுக மாப்பாண முதலியார் காலத்தில்தான் கோயில் இன்றைய உருவத்துக்கு வரத் தொடங்கியது. 1964இல் பொறுப்பேற்ற குமாரதாஸ் மாப்பாண முதலியார் அதை இன்றைய பெருமைக்கு வளர்த்தார். இரகுநாத மாப்பாண முதலியார் முதல் இன்று வரை ஒரே குடும்பம்.

வாசல் தாண்டியதும் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். உடனே சந்நிதிக்கு ஓடாமல் அந்த முன்மண்டபத்தில் நின்று மேலே பாருங்கள். வரிசை வரிசையாகத் தூண்கள், தூணுக்குத் தூண் வளைவு, வளைவெல்லாம் பித்தளைத் தகடு. விளக்கு ஏற்றியதும் அந்த வளைவுகள் ஒன்றுக்குள் ஒன்றாய் மின்னிக்கொண்டு கருவறை வரை போகும். கண்ணைத் தானாக வேலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கட்டடம் இது! சுவரிலும் விதானத்திலும் ஆளைவிடப் பெரிய ஓவியங்கள். எல்லாம் துடைத்து வைத்த மாதிரிச் சுத்தம். எத்தனையோ பெருங்கோயில்களில் எண்ணெய்ப் பிசுக்கிலும் வௌவால் நாற்றத்திலும் பக்தியை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இங்கே அந்தப் பாடே இல்லை.

உள்வீதியில் பிள்ளையார், பள்ளியறை, சந்தானகோபாலர், தெய்வயானை அம்மன், வள்ளி அம்மன், கஜவல்லி மகாவல்லியோடு முத்துக்குமாரசுவாமி, சூரியன், வைரவர். தெற்கே திரும்பினால் தூண் வரிசை சூழப் படியிறங்கும் தீர்த்தக் கேணி, அதன் கரையில் தண்டாயுதபாணி. என்னைக் கேட்டால் இந்தக் கோயிலிலேயே மிக அழகான இடம் இந்தக் கேணிதான். இத்தனை வளைவும் வெளிச்சமும் பார்த்து வந்த கண்ணுக்கு முன்னால் திடீரென்று வானம் திறந்து தண்ணீரில் கிடக்கும். வடக்கே பூந்தோட்டம். வெளியே கிழக்கு வீதியில் தேர்முட்டி. தேரடியில்தான் செல்லப்பா சுவாமிகள் பித்தரைப் போல இருந்தார், யோகர் சுவாமிகள் அவரைக் குருவாகக் கண்டுகொண்டதும் அங்கேதான். அந்த இடத்தைத் தாண்டும்போது நடையைக் கொஞ்சம் மெதுவாக்குங்கள்.

நேரத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் நல்லூரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அறிவித்த நிமிடத்தில் மணி அடிக்கும், அறிவித்த நிமிடத்தில் திரை விலகும், அறிவித்த நிமிடத்தில் சுவாமி வெளியே வருவார். மந்திரி வந்தாலும் சரி, மழை வந்தாலும் சரி. ஒருமுறை நான் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்து வீதியில் நின்ற ஆச்சியிடம், "சுவாமி வெளிக்கிட்டிட்டாரோ ஆச்சி?" என்று கேட்டேன். "என்ன மோனை கேக்கிறாய், அவர் மணிக்கூடு பாத்தெல்லோ வெளிக்கிடுறவர்" என்றார் ஆச்சி. மாவிட்டபுரத்தானை அபிஷேகக் கந்தன் என்பார்கள், சந்நிதியானை அன்னதானக் கந்தன் என்பார்கள், நல்லூரானுக்கு அலங்காரக் கந்தன் என்று பெயர். அலங்காரத்துக்கு இத்தனை நேரம் எடுத்துக்கொண்டு ஒரு நிமிடமும் பிந்தாமல் வருகிற தெய்வத்தை வேறெங்கே பார்ப்பது!

ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேற்றம். முதல்நாள் செங்குந்தர் மரபினர் கொடிச்சீலையைச் சின்னத் தேரில் வைத்து ஊர்வலமாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்றிலிருந்து இருபத்தைந்து நாளும் யாழ்ப்பாணம் வேறு யாழ்ப்பாணம். கோயிலைச் சுற்றியுள்ள றோட்டெல்லாம் வாகனத்துக்கு மூடி, மணல் பரப்பி, காலணியில்லாத வீதியாகிவிடும். மைல் கணக்காகச் சைக்கிளில் வந்த சனம் அதை விட்டுவிட்டு நடக்கும். ஆண்கள் அங்கப்பிரதட்சணை, பெண்கள் அடியழித்தல், தூக்குக்காவடி, செடில், தவிலின் அதிர்வு நெஞ்சுக்குள். கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வந்த பிள்ளைகள் வேட்டியை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டு அதே மணலில் நிற்பார்கள். பத்தாம் நாள் மஞ்சம், இருபத்துமூன்றாம் நாள் சப்பறம், இருபத்துநாலாம் நாள் தேர், ஆவணி அமாவாசையில் தீர்த்தம்.

இத்தனைக்கும் நடுவில் நீங்கள் காதைத் தீட்டிக் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது, கட்டியம். சுவாமி எழுந்தருளும்போது நீட்டி முழக்கிச் சொல்லும் அந்தப் புகழுரையில், கஜவல்லி மகாவல்லி சமேத சுப்பிரமணியரின் திருவடியைத் தொழுபவனாக, ஸ்ரீ சங்கபோதி என்ற சிங்கள அரசர்களின் விருதோடு புவனேகபாகுவின் பெயர் வரும். முதன்முதலில் அது என் காதில் தெளிவாக விழுந்த நாளில் நான் அப்படியே நின்றுவிட்டேன். கோயில் இடிந்தது. இராச்சியம் போனது. போர்த்துக்கேயர் போனார்கள், ஒல்லாந்தர் போனார்கள், ஆங்கிலேயர் போனார்கள். எங்கள் காலத்தில் முப்பது வருடப் போர் வந்தது. கல்லில் வெட்டிய சாசனமாக இருந்திருந்தால் எந்தக் கோட்டைச் சுவரிலோ தலைகீழாகப் புதைந்திருக்கும். இது வாயில் இருந்ததால் பிழைத்தது. பிடிக்க வந்து, கும்பிட்டுத் திரும்பிய ஒரு மன்னனின் பெயரை, அவன் இறந்து ஐந்நூறு ஆண்டுக்குப் பிறகும், தமிழர்கள் தங்கள் தெய்வத்தின் முன்னால் நின்று மரியாதையோடு உரக்கச் சொல்கிறார்கள். இடைக்காலத்துக் கல்லைத் தேடிவந்த நண்பர்களை நான் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துவது இந்தக் கட்டியம் கேட்கிற தூரத்தில்தான்.

தேரன்றைக்கு மட்டும் முந்திப் போங்கள். விடிய முன்னரே கிழக்கு வீதி நிறைந்துவிடும், பிறகு ஊசி போட இடமிருக்காது. ஏழு மணி அளவில் ஆறுமுகப் பெருமான் தேரேறுவார். வடத்தைத் தொட முடிந்தால் தொடுங்கள், முடியாவிட்டால் தொட்டவரின் தோளைத் தொடுங்கள், அதுவும் போதும். தேங்காய் உடைகிற சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்காது. தேர் இருப்புக்கு வந்ததும் பலர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். சண்முகருக்குப் பச்சை சாத்தி, தேரிலிருந்து இறக்கி உள்ளே கொண்டுபோவதையும் இருந்து பாருங்கள். முழுப் பச்சையில் அவர் ஆடி ஆடி இறங்கும்போது எழுகிற அரோகராவை நான் எழுதிக் காட்ட முடியாது. பிறகு வெளியே வந்து தண்ணீர்ப் பந்தலில் ஒரு மோர் குடியுங்கள், கச்சான் கடையில் ஒரு சுருள் வாங்குங்கள், பிள்ளைகள் கூட இருந்தால் கோயிலடி ஐஸ்கிறீம் கடைக்குக் கூட்டிப் போங்கள். நாளைக்கு விடியத் தீர்த்தம். கேணிக்கரையில் இடம் பிடிக்க வேண்டுமென்றால் இன்றிரவு நேரத்தோடு படுத்துவிடுங்கள்.